மாலை போட்டால் 48 நாள் தொடுவதில்லை, அப்புறம் எனக்கு எதற்குக் கோச்?

மூன்றாம்மாடி

வயது 43, சென்னை, ஐடி வேலை. குடியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் ரோட்டில் விழுந்த கதையெல்லாம் என்னிடம் கிடையாது, அதை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். வேலை போகவில்லை, இஎம்ஐ தவறியதில்லை, வீட்டில் கை நீட்டியதில்லை. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுவிடுவேன், 48 நாள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் கடை வாசலில் நிற்பேன். பதினாறு வருடமாக இதுதான் நடக்கிறது, யார் கேட்டாலும் இதைத்தான் சான்றிதழாக நீட்டுவேன்: நான் அடிமை இல்லை, நினைத்தால் நிறுத்திவிடுவேன், வருடா வருடம் நிறுத்துகிறேனே.

போன ஜனவரியில் என் மனைவி சண்டையெல்லாம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "48 நாள் சாமிக்காக இருந்தீங்க, சரி. மீதி 317 நாள் யாருக்காகக் குடிக்கிறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, கூட வேலை பார்த்த ஒருவர் சொன்ன, குடியைக் குறைக்கக் கூட இருந்து வழி சொல்லும் கோச் ஒருவரைப் பிடித்தேன். வீடியோ காலில் வாரம் முக்கால் மணி நேரம், பத்து வாரம். முதல் நாள் அறிவுரை மழை பெய்யும் என்று நினைத்தேன், அவர் கேட்டது வேறு. காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, குடிக்காத நாளில் வியர்த்துக் கொட்டுமா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றேன். "ஆமாம் என்றிருந்தால் உங்களை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், நேராக டாக்டரிடம்தான் அனுப்புவேன்" என்றார். அப்படியும் ஈரல் டெஸ்ட் எடுத்து ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். ஜிஜிடி என்ற ஈரல் நொதி கொஞ்சம் ஏறியிருந்தது, மற்றதெல்லாம் சரியாக இருந்தது. குடியை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்று பத்துக் கேள்வி இருக்கிறது, மொத்தம் 40 மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டும் என்று கணக்கு. எனக்கு 16. படிப்பில்கூட இப்படி இரண்டு மடங்கு வாங்கியதில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. இரண்டு வாரம் எதையும் குறைக்காதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள் என்றார். நேரம், இடம், யாரோடு, எத்தனை மில்லி, அதற்கு முந்தைய பத்து நிமிடம் என்ன நடந்தது. சனிக்கிழமை நண்பர்களோடு உட்காருவதைத்தான் நான் "என் குடி" என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் சனிக்கிழமை ஒரு வரிதான் இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை நாலு வரி, நாலிலும் "யாரோடு" என்ற கட்டம் காலி.

என் அமெரிக்கா கால் இரவு 10 மணிக்குத் தொடங்கி 11க்கு முடியும். கடை 10 மணிக்கு மூடிவிடும். அதனால் 9.40க்கு, இன்றைக்குக் குடிக்கப் போகிறேனா இல்லையா என்று முடிவே செய்யாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குவார்ட்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். வாங்கியாச்சு, அப்புறம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? முந்தைய பத்து நிமிடம் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் நான் எழுதியிருந்தது "பசி". மத்தியானம் 1 மணிக்குச் சாப்பிட்டவன், கால் முடிந்து 11.30க்குச் சாப்பிடுகிறேன், நடுவில் 9.40 வருகிறது. பதினாறு வருடமாக ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி வயிற்றுப் பசி என்று தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இங்கே யாராவது இப்படி ஆள் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

கொங்குதமிழன்

ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க. காசு கொடுத்துக் குடிச்சிட்டு, நிறுத்தறதுக்கும் காசு கொடுக்கறீங்க. ஜிம்முக்குக் கோச், தூக்கத்துக்குக் கோச், இப்போ இதுக்கும் கோச். தினம் ஒரு குவார்ட்டர் எல்லாம் ஒரு குடியா? எங்க ஊர்ல அதுக்குப் பேர் மருந்து.

மூன்றாம்மாடி

நானும் அப்படித்தான் நினைத்தேன். கோச் ஒரு கணக்குப் போடச் சொன்னார், நீங்களும் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் உள்ளே சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். 10 கிராமை ஒரு டிரிங்க் என்று கணக்கு வைத்தால் ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். பீர்தானே என்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று நாலு டிரிங்க்.

என் வாரம் நாலு குவார்ட்டர், சனிக்கிழமை ஒரு ஆஃப், அதாவது 375 மில்லி. கூட்டினால் 370 கிராம். பிரிட்டனில் வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், அவர்கள் யூனிட் 8 கிராம், ஆக 112 கிராம். அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நான் "மருந்து" சாப்பிட்டிருக்கிறேன்.

ஃபீஸ் விஷயம்: பத்து வாரத்துக்கு நான் கொடுத்தது, அதே பத்து வாரம் கடையிலும் சைடிஷ்ஷிலும் விட்டிருக்கக்கூடியதைவிடக் கம்மி. இது எல்லோருக்கும் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன்.

நைட்டூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை, பதினாலு வருடம். கோச் முதல் நாளே கை நடுக்கத்தைக் கேட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. கேட்காத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்பவர், வைராக்கியம் வந்து ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளைக்குள். அதற்கப்புறம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்குக் குழப்பம் வரும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. எலும்பு வார்டில் இதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து வந்திருப்பார், குடிப்பீர்களா என்று கேட்டால் மாமனார் பக்கத்தில் நிற்கிறார் என்று "எப்பவாவது" என்பார். மூன்றாம் நாள் ராத்திரி ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். அது சரக்கு திடீரென்று நின்றதால் வருவது, மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு டாக்டர் சமாளிக்க வேண்டியது. அதனால் ஒரு வேண்டுகோள்: எதற்காக அட்மிட் ஆனாலும், எவ்வளவு குடிப்பீர்கள் என்று நர்ஸிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் யாரும் மாமனாரிடம் போய்ச் சொல்லப் போவதில்லை.

மூன்றாம்மாடி சார் மாதிரி நடுவில் இருப்பவர்களுக்குக் கோச் சரிதான். காலைக் கட்டிங் ஆட்களுக்கு முதலில் மருத்துவமனை, அப்புறம்தான் பேச்செல்லாம்.

இன்றுமட்டும்

கடைசியாகக் குடித்து 11 வருடம் ஆகிறது. நான் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஆள். 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தொடங்கியது அது, இன்றைக்கும் அதே முறைதான், ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு பேசுவது. ஃபீஸ் கிடையாது, சுற்றி வரும் பையில் இஷ்டப்பட்டால் பத்து ரூபாய் போடலாம். சென்னையில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது.

தம்பி மூன்றாம்மாடி, உங்கள் நோட்டு நல்ல நோட்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன், பத்து வாரம் கழித்து நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? நிறுத்திவிட்டீர்களா, குறைத்திருக்கிறீர்களா? குறைத்தல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். நானும் குறைத்தவன்தான். ஃபுல்லிலிருந்து ஆஃப், ஆஃபிலிருந்து குவார்ட்டர், தீபாவளிக்குள் திரும்ப ஃபுல். கோயிலில் கயிறு கட்டினேன், ஆறு மாதம். பெண் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், பதினோரு நாள். எனக்கு முதல் கட்டிங் உள்ளே போகிறவரைக்கும்தான் முடிவு என் கையில்.

மூன்றாம்மாடி

அண்ணே, நேர்மையாகச் சொல்கிறேன். வார நாளில் தனியாகக் குடிப்பது நின்றுவிட்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, 60 மில்லி இரண்டு, அளந்து. அளவுக்குப்பி வாங்கி வைத்திருக்கிறேன், ஏனென்றால் கண்ணளவில் நான் ஊற்றிய "60" அளந்து பார்த்தால் 95 இருந்தது. நடுவில் ஒரு முறை சறுக்கினேன், அதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பொருந்தாது என்பது புரிகிறது. கோச்சும் அதைத்தான் சொன்னார்: மூன்று மாதம் அளவு வைத்துப் பாருங்கள், அளவு நிற்காவிட்டால் அதுவே பதில், அப்போது மொத்தமாக விடுவதைப் பற்றிப் பேசலாம்.

தேனிமல்லி

நான் இங்கே படிக்க மட்டும் வருவேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். குடிப்பது என் வீட்டுக்காரர். அவர் கோச்சுக்கும் வர மாட்டார், கூட்டத்துக்கும் வர மாட்டார். எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் பொடி தருகிறார், சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடித்ததும் வாந்தி வந்து தானாக வெறுத்துவிடுவார்களாம். என் நாத்தனார் வாங்கிவிட்டாள். கொடுக்கலாமா?

நைட்டூட்டி

அம்மா, கொடுக்காதீர்கள். அந்தப் பொடியில் பல சமயம் இருப்பது டைசல்ஃபிராம் மாத்திரையை இடித்த தூள். அது நல்ல மருந்துதான், டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, இதயமும் ஈரலும் பார்த்த பிறகு. ஆல்கஹால் உடம்பில் உடையும்போது நடுவில் ஒரு நச்சுப் பொருள் உண்டாகும், இந்த மருந்து அதை மேற்கொண்டு உடையவிடாமல் தேக்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிபி இறங்கும். தெரியாமல் அதன்மேல் ஒரு குவார்ட்டர் அடித்தால் ஆளே போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். உயிர் பிழைத்தாலும் அப்புறம் உங்கள் கையால் ஒரு வாய் சோறு நம்பிச் சாப்பிட மாட்டார்.

அவர் வராவிட்டால் நீங்கள் போகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், குடும்பத்தாரோடும் பேசுவார்கள். போனில் என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே இன்னொரு எண் 14446. சென்னைக்கு வர முடியுமானால் அடையாறு பக்கம் டிடிகே மருத்துவமனை, சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கியது. அங்கே குடும்பத்துக்கென்று தனியாகவே வகுப்பு எடுக்கிறார்கள்.

தேனிமல்லி

நன்றி சிஸ்டர். பொடியைக் கொட்டிவிட்டேன். நாத்தனார் பேசவில்லை, பரவாயில்லை.

பெயர்வேண்டாமே

இந்த இழையில் எல்லோரும் ஆண்கள் குடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பெண், 36, பெங்களூரு. பிள்ளைகள் தூங்கிய பிறகு வோட்கா, ஸ்டீல் டம்ளரில், ஏனென்றால் ஸ்டீல் டம்ளரில் இருந்தால் தண்ணீர் என்று நினைப்பார்கள். வாரம் நாலு நாள். இதை நான் யாரிடம் சொல்ல முடியும்? அம்மாவிடமா? என் சொந்தத்தில் குடிக்கும் ஆணுக்கு "அவன் கொஞ்சம் அப்படித்தான்" என்று பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ஏஏ கூட்டத்துக்குப் போக ஆசைதான், வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். அதனால்தான் கோச். வீடியோ கால், மத்தியானம், ஆஃபீஸ் மீட்டிங் ரூமில். முதல் இரண்டு கோச் சரிப்படவில்லை. ஒருவர் 21 நாளில் சரியாகிவிடும், கியாரண்டி என்றார். இன்னொருவர் தன் கதையையே நாற்பது நிமிடம் சொன்னார். மூன்றாமவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும்கூட, அவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஆர்சிஐயின் பதிவு எண் கேட்டேன், கோபப்படாமல் கொடுத்தார். கோச் என்று போர்டு மாட்ட இந்த நாட்டில் எந்த லைசென்ஸும் வேண்டாம், அதனால் நாமதான் கேட்கணும்.

அவர் எனக்குச் சொன்ன ஒரு விஷயம் பிடித்துக்கொண்டது. குடித்தால் தூக்கம் வருகிறது என்று நான் சொன்னபோது, சரி, எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேட்டார். மூன்று மணி. எப்பவும் மூன்று, மூன்றரை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், நாளைக்கு நடக்கப்போகிற எல்லாம் வரிசையாக ஓடும். அது கவலையால் வருகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். ஆல்கஹால் இறங்கும்போது மூளை முறுக்கிக்கொண்டு எழுப்பிவிடுமாம், கனவுத் தூக்கத்தையும் கெடுக்குமாம். பன்னிரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். ஐந்தாவது நாள் ராத்திரியிலிருந்து ஒரே தூக்கம், காலை ஆறு மணி அலாரத்துக்குத்தான் எழுந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்படித் தூங்கியது.

கொங்குதமிழன்

அக்கா, மூணு மணி முழிப்பு எனக்கும் வருது. பிராஸ்டேட்னு நெனச்சேன்.

ஸ்கார்பரோ

வணக்கம். நான் கனடாவில் இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே 2011ல் ஆண்களுக்கு வாரம் 15 டிரிங்க் வரை பரவாயில்லை என்றவர்கள், 2023 ஜனவரியில் வந்த புதிய வழிகாட்டலில் வாரம் இரண்டுக்கு மேல் போனாலே ஆபத்துக் கூடும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கட ஆட்கள் சிரித்தவர்கள். பிறந்தநாள், சாமத்திய வீடு, எதுவென்றாலும் மண்டபத்துக்குப் பின்னால் காரின் டிக்கி திறந்திருக்கும், அதற்குள்தான் குடிவகை. வேண்டாம் என்று சொன்னால் "என்ன, உடம்புக்கு வருத்தமோ?" என்று கேட்பினம். நான் சுகர் மாத்திரை என்று பொய் சொல்லித்தான் ஒரு வருடமாகத் தப்பிக்கிறன். அண்ணை, நீங்கள் சபையில் என்ன சொல்லுகிறனீங்கள்?

மூன்றாம்மாடி

சபையில்தான் நான் சறுக்கினேன். அதைச் சொல்கிறேன் என்றேனே.

ஏழாவது வாரம், மதுரையில் சித்தப்பா பையன் கல்யாணம். ரிசப்ஷன் முடிந்து லாட்ஜ் ரூமில் பதினோரு பேர். நான் டம்ளரே எடுக்கவில்லை, சோடா மட்டும் குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்போது மாமா ஒருவர், குடிக்கும்போது மட்டும் பாசம் பொங்குகிறவர், என் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்பா போய் இரண்டு வருடம். "உங்க அப்பா பேரைச் சொல்லி ஒண்ணு" என்று நீட்டினார். வாங்கிவிட்டேன். அப்புறம் எத்தனை என்று எண்ணவில்லை. காலையில் தாலி கட்டும்போது நான் லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தேன். சித்தி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவதில்லை, அதுதான் இன்னும் மோசம்.

மொத்தமும் போச்சு, இனி எதற்கு என்று கோச்சுக்கு மெசேஜ் போட்டேன். அந்த வார வீடியோ காலை ரத்து செய்யவும் பார்த்தேன். அவர் விடவில்லை. திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று தட்டிக் கொடுக்கவும் இல்லை. நோட்டை எடுங்கள், அந்த ராத்திரியையும் அதே ஐந்து கட்டத்தில் எழுதுங்கள் என்றார். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்குச் சரக்கு வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பா பெயரைச் சொன்னதும் தொண்டை அடைத்தது, பதினோரு ஆம்பளைகள் முன்னால் அழ முடியாது, டம்ளரை வாங்குவது சுலபமாக இருந்தது. அடுத்த இரண்டு வாரம் நாங்கள் குடியைப் பற்றிப் பேசவே இல்லை, அப்பாவைப் பற்றித்தான் பேசினோம்.

உங்கள் கேள்விக்கு: இப்போது நான் காரணமே சொல்வதில்லை. "இன்னைக்கு வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டு உடனே அவர் பெண்ணின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிடுவேன். காரணம் சொன்னால் அதற்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். சுகர் என்றால், ஒயின் சுகருக்கு நல்லது என்பார்கள்.

இன்றுமட்டும்

தம்பி, அந்த ராத்திரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். எனக்கும் ஒரு மாமா இருந்தார். குறைப்பதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் எப்போதாவது அளவுக்குப்பி கைவிட்டால் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள், டீ நன்றாக இருக்கும்.

புதுவரவு27

அண்ணா, எனக்கு 27, பெருங்குடி, அதே மாதிரி நைட் கால், அதே மாதிரி 9.40. படிச்சு ஷாக் ஆயிட்டேன். கோச்சுக்கெல்லாம் இப்போ காசு இல்லை. அந்த 9.40க்கு இப்போ நீங்கள் என்னதான் செய்கிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

காசு இல்லாவிட்டால் நோட்டு போதும், இரண்டு வாரம் எழுது. காலையில் கை நடுங்கினால் மட்டும் நோட்டை வைத்துவிட்டு டாக்டரிடம் போ, மேலே சிஸ்டர் எழுதியிருப்பதைத் திரும்பப் படி.

9.15க்குச் சாப்பிட்டுவிடுகிறேன். மாவு எப்போதும் ஃப்ரிட்ஜில் இருக்கும், நானே மூன்று தோசை ஊற்றிக்கொள்வேன், மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். சாப்பிட்ட வயிற்றோடு கடைக்கு நடக்கும் ஆசை பாதியாகிவிடுகிறது. மீதிப் பாதி வரும், இருபது நிமிடம் போல நின்றுவிட்டுப் போகும், அதோடு சண்டை போட வேண்டாம் என்பார் கோச். அந்த இருபது நிமிடம் பாத்திரம் கழுவுகிறேன். முதல் வாரம் என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள், இப்போதெல்லாம் தோசைக்கல்லையும் சேர்த்துத் தொட்டியில் போட்டுவிடுகிறாள்.